பழைய குக்கரை எடைக்குப் போடும் முன்

குக்கர் மூடி தெறித்துக் காயம்பட்டவர்களின் வீட்டார் நுகர்வோர் அமைப்புகளைத் தேடி வரும்போது பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறார்கள். குக்கர் எங்கே என்று கேட்டால், "அதை வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருந்தது, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டோம்" என்கிறார்கள். சிலர் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டு, பீடை ஒழிந்தது என்று தலைமுழுகியிருப்பார்கள். பில் கிடையாது, கடைக்காரர் கொடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வாரண்டி அட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது, பெட்டி போகியில் எரிந்தது. கையில் மிஞ்சியது ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கு மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு எந்த வக்கீல் எதை வாதாடுவார்?

பாத்திரங்கள் வீட்டைவிட்டு வெளியேற நம் ஊரில் சில பருவங்கள் உண்டு. போகிக்கு முந்தைய வாரம் பரணில் ஏறிப் பழையதை இறக்குவோம். ஆடி பிறந்தால் "எந்தக் கம்பெனி பழைய குக்கரானாலும் கொண்டு வாருங்கள்" என்று கடை வாசலில் தட்டி வைப்பார்கள். வீடு மாறும்போதும், பெண்ணுக்குச் சீர் வாங்கும்போதும் இதே கதை. அப்போதெல்லாம் எது இருக்கலாம், எது போகலாம் என்பதைப் பளபளப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கறுத்துப்போன இரும்புத் தோசைக்கல்லைத் தூக்கிப் போடுகிறோம். அது பேத்தி காலம்வரை உழைக்கும். பளிச்சென்று இருக்கிற குக்கரை உள்ளே வைக்கிறோம். அது நாளைக்கே முகத்தில் அடிக்கலாம்.

அதனால் குக்கரிலிருந்தே தொடங்குகிறேன். அடுக்களைப் பாத்திரங்களில் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான். குக்கரைச் சமமான மேடையில் வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடி உப்பியிருக்கிறது, அதன் காலம் முடிந்தது. மூடியும் உடலும் பூட்டிக்கொள்ளும் விளிம்பு தேய்ந்திருந்தாலும், கைப்பிடி ஸ்க்ரூ எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காமல் சுற்றினாலும் அப்படித்தான். கேஸ்கட் இறுகியோ கீறல் விட்டோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது நிறுவனத்தின் கையேட்டிலேயே இருக்கும், ஆனால் கையேட்டைப் படித்த வீட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், துளை தெரிய வேண்டும். பருப்பு நுரை காய்ந்து அடைத்துக்கொள்வது அங்கேதான். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு மாதிரி பொங்குகிற பண்டமென்றால் பாதிதான் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

சேஃப்டி வால்வு விஷயத்தில் நடக்கும் அக்கிரமத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிட் வழியாக ஆவி போக முடியாமல் அடைத்துக்கொண்டால், சூடு எல்லை மீறும்போது உருகி வழிவிடும் ஒரு சிறு உலோகத் துண்டுதான் பல குக்கர்களில் உயிர் காப்பது. அது ஒருமுறை உருகிவிட்டால் அதே கம்பெனியின், அதே மாடலின் வால்வைத்தான் போட வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சாலையோரத்தில் குவித்து வைத்திருக்கும் வால்வுகளில் துளைக்குப் பொருந்துகிறதைப் பொறுக்கி மாட்டுகிறார்கள். எம்-சீல் வைத்து அடைத்தவர்களும் உண்டு. "அடிக்கடி உருகுகிறது, அதனால் அடைத்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அடிக்கடி உருகுகிறது என்றால் குக்கருக்குள் ஏதோ கோளாறு என்று அது கத்துகிறது, வாயைப் பொத்திவிட்டோம்.

இதற்குச் சட்டத்திலும் விலை உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளால் ஏற்படும் காயத்துக்கு உற்பத்தியாளர், விற்பனையாளர் ஆகியோரைப் பொறுப்பாக்குகிறது. அதே சட்டத்தின் 87-ஆவது பிரிவு, காயம்பட்ட நேரத்தில் அந்தப் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது வழக்கில்லை என்கிறது. பத்து ரூபாய் மிச்சம் பிடித்துப் போட்ட வால்வை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே தூக்கிக் காட்டுவார். திரும்பவும் சொல்கிறேன்: வால்வும் கேஸ்கட்டும் அதே கம்பெனியுடையதாக, பில்லோடு வாங்குங்கள்.

சரி, பழையது போகட்டும், புதியது எப்படி வாங்குவது? வீட்டு உபயோகப் பிரஷர் குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கரைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. விற்பதற்காக அடுக்கி வைப்பதுகூடக் குற்றம். ஆனாலும் சந்தையிலும் பிளாட்பாரத்திலும் முத்திரையில்லாத குக்கர் அடுக்கியே இருக்கிறது. இணையக் கடைகளிலும் இதே அவலம்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் பெரிய இணைய விற்பனை நிறுவனங்கள் சிலவற்றுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஒரு லட்சம் அந்த நிறுவனங்களுக்கு ஒரு டீச்செலவு. என்றாலும் ஆணை ஆணைதான். உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல அது பயன்படும்.

முத்திரையைப் பார்ப்பதிலும் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். பெட்டியை விடுங்கள், குக்கரைத் திருப்புங்கள். முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347 என்ற தர எண் இருக்க வேண்டும். கீழே ஆங்கில எழுத்தில் சி.எம்/எல் என்று தொடங்கி ஓர் எண் இருக்க வேண்டும், அதுதான் உரிமம். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லையென்றால் அது வெறும் படம், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எண் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைக் கைபேசியில் இறக்கி, உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போடுங்கள். யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் கொடுத்தார்கள், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். பிளாஸ்டிக் வாளிக்கு வாங்கிய உரிம எண்ணைக் குக்கரில் அடித்திருந்தால் அங்கேயே குட்டு உடையும். கடையில் நின்றுகொண்டே செய்கிற வேலை இது. புடவைக்கு அரை நாள் செலவழிக்கிறவர்கள் குக்கருக்கு இரண்டு நிமிடம் செலவழிக்கலாம்.

குக்கரோடு இது நிற்கவில்லை. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024 மார்ச்சில் வெளியானது. எவர்சில்வருக்கு ஐ.எஸ். 14756, அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660. இந்த எண்களைத் துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "இதெல்லாம் யாரும் கேட்கறதில்லைம்மா" என்று கடைக்காரர் சிரித்தால், "நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். காந்தம் ஒட்டவில்லை, அதனால் ஒரிஜினல் எவர்சில்வர் என்று காட்டுவார்கள், நம்பாதீர்கள். நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம் என்று சொல்லி விலை கூட்டி விற்றால், அந்த 304 என்ற எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

அலுமினியத்துக்கும் இண்டாலியத்துக்கும் வருவோம். அலுமினியமெல்லாம் விஷம் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், புளிப்பான சட்னி, சாம்பார் போன்றவற்றை அலுமினியம், இரும்பு, பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. புளிக்குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உண்மையான கவலை வேறு. பழைய வண்டி உதிரிகளும் கண்ட உலோகமும் சேர்த்து உருக்கி வார்த்த மலிவுப் பாத்திரங்களில் காரீயம் கலந்திருக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் பித்தளை, அலுமினியம், இண்டாலியம் என்று நம் நாட்டில் அழைக்கப்படும் கலவை உலோகம் ஆகியவற்றாலான சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குவதாக எச்சரித்தது. அங்கே எச்சரிக்கிறார்கள், இங்கே அதே மாதிரிப் பாத்திரங்கள் எடைக்கு விற்கின்றன.

காரீயத்துக்கு இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. முதலில் அடிபடுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே தயாரிப்பாளர் பெயர் இல்லாத, குழிகுழியாக அரித்துப்போன, துலக்கும்போது கை கறுக்கிற வார்ப்புச் சட்டிகளை முதலில் வெளியேற்றுங்கள்.

ரசத்துக்கான ஈயச் சொம்பிலும் இதே எச்சரிக்கைதான். அது வெள்ளீயத்தில் செய்தது என்பதால்தான் நம் பாட்டிமார் அதில் ரசம் வைத்தார்கள். காரீயம் விலை குறைவு, கலக்கிறவருக்கு லாபம். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பேப்பரில் தேய்த்தால் கோடு விழுந்தால் இது, விழாவிட்டால் அது என்கிற வீட்டுச் சோதனைகளை நம்பிக் குழந்தைக்கு ரசம் ஊற்றாதீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் சென்னை தரமணியில் மத்திய அரசின் நேஷனல் டெஸ்ட் ஹவுஸ் ஆய்வகம் இருக்கிறது. தனி ஆட்களும் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். புதிதாக வாங்கும்போது "வெள்ளீயச் சொம்பு, காரீயக் கலப்பு இல்லை" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுகிறவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். பூச்சு தேய்ந்து பித்தளை நிறம் எட்டிப் பார்த்தால் அதில் சமைக்கக் கூடாது. களிம்பு ஏறிய அண்டாவில் செய்த புளியோதரை கல்யாண வீட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். ஆனால் அந்த அண்டாவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பூச்சு போட்டால் போதும்.

நான்ஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாக. பூச்சு உரிந்தால் தவாவை மாற்றுங்கள். உரிந்த துணுக்கு வயிற்றில் போனதற்காகப் பதற வேண்டியதில்லை, அது பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். வெறும் தவாவை முழுத் தீயில் காய விடுவதுதான் ஆபத்து. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தப் புகையில் கூண்டுக்கிளி செத்துவிடும். மெலமைன் தட்டு கீறல் விழுந்தால் மாற்றுங்கள், மைக்ரோவேவில் எப்போதும் வைக்காதீர்கள்.

இப்போது எக்ஸ்சேஞ்ச். இதில் பணம் போவது யாருக்கும் தெரிவதில்லை. பாட்டி கொடுத்த பித்தளைத் தவலையை, கனமான வெண்கலப் பானையைக் கொண்டுபோய், பதிலுக்கு மெல்லிசான எவர்சில்வர் டப்பா செட்டை வாங்கிக்கொண்டு "சும்மா கிடைத்தது" என்று திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். பித்தளையும் வெண்கலமும் கிலோ என்ன விலை போகிறது என்று இரண்டு கடையில் விசாரித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். பழையதற்கு இவ்வளவு, புதியதற்கு இவ்வளவு, கழித்தது போக இவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாகப் பில்லில் வர வேண்டும். "எக்ஸ்சேஞ்சுக்குப் பில் கிடையாது" என்பது சட்டத்தில் இல்லாத வசனம். பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "பில் போட்டால் வரி கூடும்" என்று பயமுறுத்துவார்கள், பாத்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்கு ஐம்பது ரூபாய். பெட்டியில் எம்.ஆர்.பி. போட்ட பொருளென்றால் அந்த வரியும் விலைக்குள்ளேயே அடக்கம்.

எடை போடும்போது தராசின் திரை உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மின்னணுத் தராசுகளை ஆண்டுதோறும் முத்திரையிட்டு, அந்தச் சான்றிதழைக் கடையில் மாட்டி வைக்க வேண்டும். எடையில் சந்தேகம் வந்தால் மக்கள் போய் நிற்பது வழங்கல் அலுவலகத்தில். அங்கே "எங்களுடையது இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்ல வாய் வராது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியோ விலையோ தயாரித்த மாதமோ இல்லாமலிருந்தாலும் அதே அலுவலகம்தான்.

கழிக்கிற குக்கரை வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வைக்கப் பயந்த குக்கரை அந்த அம்மா தன் ஒற்றை அறையில், பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அடுப்பில் ஏற்றுவார். அதைத் தானம் என்று சொல்லாதீர்கள். கொடுக்க மனமிருந்தால் நல்லதைக் கொடுங்கள். பழுதானதைக் கேஸ்கட், வால்வு, வெயிட் மூன்றையும் கழற்றி, மூடியை நசுக்கி எடைக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் அது பாலிஷ் போட்டுக்கொண்டு வேறொரு வீட்டுக்குப் போகும்.

கேஸ்கட்டையும் பிளாஸ்டிக் டப்பாவையும் போகித் தீயில் போடக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் சொல்கிறது, அந்தப் புகை விமானங்களையே தாமதப்படுத்திய ஆண்டுகளும் உண்டு. மிக்ஸி, கிரைண்டர், மின் கெட்டில் எல்லாம் மின்னணுக் கழிவு. 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மிக்ஸிகள் பல வீட்டுப் பரணில் இன்னும் இருக்கின்றன. மின்னணுக் கழிவு விதிகள் 2022-இன்படி அவை முறையாக மறுசுழற்சிக்குப் போவதை உறுதிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. நிறுவனத்தின் சேவை எண்ணில் கேளுங்கள், மழுப்பினால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913-இல் கேட்கலாம். உடைந்த கண்ணாடியைக் கனமான தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கிறவருக்கும் விரல்கள் உண்டு.

அடுக்களையை ஒழிக்கிற அன்றைக்கே அடுப்பின் பின்னால் கைவிட்டு எரிவாயுக் குழாயைப் பாருங்கள். சுரக்ஷா குழாய்க்கு ஆயுள் ஐந்து ஆண்டு. ஆண்டு குழாயிலேயே அச்சாகியிருக்கும். புதுக் குக்கருக்கு மூவாயிரம் கொடுப்பவர்கள் பத்து வருடப் பழைய குழாயை எண்ணெய்ப் பிசுக்கோடு விட்டுவைக்கிறார்கள். வெளிக்கடையில் வாங்காமல் எரிவாயு ஏஜென்சியிடம் ரசீதோடு வாங்குங்கள். கசிவு வாடை வந்தால் 1906, இரவு பகல் எந்நேரமும். எரிவாயுதான் முதற்காரணமாக இருந்து தீ விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு உண்டு: உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம், மருத்துவத்துக்கு ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம், பதிவு செய்த முகவரியில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம். நாம் தனியாகப் பிரீமியம் கட்டத் தேவையில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் வெறும் குக்கர் வெடிப்புக்கு இந்தக் காப்பீடு வராது. இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு ஏஜென்சிக்கு அலைந்து காலத்தைக் கடத்துகிறார்கள்.

குக்கர் வெடித்தால் முதலில் காயத்தைப் பாருங்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். "குக்கர் வெடித்து" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள், "கீழே விழுந்து" என்று போட்டுவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது. ஏ.ஆர். காப்பி என்று கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். குக்கரைத் துலக்காதீர்கள். மூடி, வெயிட், கேஸ்கட், தெறித்த துண்டு எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, ஒரு பையில் கட்டி மூடி வையுங்கள். கம்பெனி ஆள் அன்றைக்கே வந்து, "பரிசோதனைக்கு எடுத்துப் போகிறேன், புதுக் குக்கர் தருகிறேன்" என்பார். கொடுக்காதீர்கள். அந்தக் குக்கர்தான் உங்கள் சாட்சி. பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் வந்து பார்க்கட்டும். திரும்பவும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

வெடிக்காமல் வெறும் பழுது என்றால் வழி இன்னும் எளிது. பில்லில் வேறு கெடு போடாவிட்டால், பழுதான பொருளை முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்புக்கு அதற்கு மேல் மரியாதை கொடுக்க வேண்டாம். முதலில் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம்; போய்ச் சேர்ந்ததற்கான சான்று கையில் இருக்கட்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சமரசம்தான் பேசுவார்கள், தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. முத்திரை போலி என்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார்ப் பகுதி இருக்கிறது. நேரில் போக விரும்பினால் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகம் சென்னை தரமணி சி.ஐ.டி. வளாகத்தில்.

நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எந்தக் குக்கரும் அதைத் தாண்டாது. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். அப்பா வாங்கிச் சீராகக் கொடுத்த குக்கர் என்றாலும் அதைப் பயன்படுத்துகிற மகளும் சட்டப்படி நுகர்வோர்தான், "பில் என் பேரில் இல்லையே" என்று பின்வாங்க வேண்டாம். கம்பெனி பேரே இல்லாத பொருளென்றால் விற்ற கடைக்காரரே பொறுப்பு. பில் தொலைந்திருந்தால் ஜி-பே பதிவு, அட்டைப்பெட்டிப் படம், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் என்று கிடைத்ததையெல்லாம் சேருங்கள். பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்கலாம், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில், சோதனை தேவையென்றால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தா போடுகிற ஆணையங்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்தால் நல்லது. உங்களுக்கான கெடுவோ கண்டிப்பானது: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அந்த இரண்டு ஆண்டைத் தொலைத்தவர்கள் நிறைய.

உங்களுக்குக் காயமில்லை, ஆனால் ஊர்ச் சந்தையில் முத்திரையில்லாத குக்கர் குவிந்து கிடக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பலர் பாதிக்கப்படும் விஷயத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதலாம் என்று சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவைக் கொடுங்கள். மேலே "2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 17-இன் கீழ்" என்று தடித்த எழுத்தில் போட்டு, நகலை மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலருக்கு என்று குறிப்பிடுங்கள். பிரிவு எழுதாத மனு தாலுகா அலுவலகத்துக்கு உருண்டு அங்கேயே படுத்துவிடும். கடையின் பெயர், தெரு, பார்த்த தேதி, குக்கரின் அடிப்பக்கப் படம் நான்கையும் இணையுங்கள். கணினியில் பதிவு செய்து ஓர் எண்ணோடு ரசீது தருவார்கள். அதை வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.